மேஸ்திரியின் வெறுங்கை

எங்கள் வீட்டு எண்ணெய் அறையில் ஒரு தகரக் குழல் தொங்குகிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம். ஒரு முனை வாய் வைக்கும் அளவு சிறியது, மறு முனை சோற்றுத் தட்டு அகலம். சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ உரிந்துவிட்டது. செக்கிலிருந்து கடலை எண்ணெய் வரும் நாட்களில் என் மருமகள் அகன்ற வாய் மேலே இருக்கும்படி அதைப் பிடித்து டின்னுக்குள் எண்ணெய் ஊற்றுகிறாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லை என்று அவளுக்கு அதன்மேல் தனி மதிப்பு. இவ்வளவு பெரிய புனல் எங்கே கிடைத்தது என்று கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டாள். சந்தையில் வாங்கியது என்று சொல்லிவிட்டேன்.

அது புனல் இல்லை. யுத்தக் காலத்தில், ஒரு சரித்திரப் படத்தின் சண்டைக் காட்சியில், இருநூறு பேர் காதில் விழும்படி நான் கத்திய குழல். அதில் நான் சொன்ன ஒரு சொல்லால் ஒரு மனிதரின் வலது கை போயிற்று. பிறகு, சொல்ல வேண்டிய ஒரு சொல்லை நான் சொல்லாமல் விட்டதால் அவருடைய பெயரும் போயிற்று. இந்த இரண்டையும் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவரை நாங்கள் மேஸ்திரி என்போம். திருச்செங்கோட்டுக்கு மேற்கே இருந்த எங்கள் காட்டில் கடலைக்காய் பிடுங்கவும் சோளம் அறுக்கவும் ஆள் கூட்டி வருபவர். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேனே, அன்று ‘அவன்’ என்றுதான் சொல்வேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை ‘வா மேஸ்திரி, போ மேஸ்திரி’ என்பேன், அவர் என்னைச் ‘சாமி’ என்பார். இப்போது பேனா முனையில் மரியாதை தாராளமாக வருகிறது. அவருக்கு இனி அதனால் ஒரு பயனும் இல்லை என்பதால்தான் இவ்வளவு தாராளம்.

சிலம்பத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் அவருக்கு நிகர் இல்லை. அவர் ஊர் மாரியம்மன் நோம்பியில் முதல் தடி அவர்தான் சுழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதிராளி கீழே விழுந்துவிட்டால் மூன்றடி பின்னால் போய்விடுவார். குனிந்து மண்ணைத் தொட்டுவிட்டு, விழுந்தவன் தானாக எழுந்து தடியை எடுக்கும்வரை அசையாமல் நிற்பார். வெறுங்கையோடு கிடப்பவனை ஏன் ஒரு தட்டுத் தட்டக்கூடாது என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். “மண்ணுல உழுந்தவன மண்ணு பாத்துக்குமுங்க சாமி. அவங்கிட்ட நமக்கென்ன வேல?” என்றார். அவர் ஊரில் சின்னப் பையன்கள் கோலி விளையாட்டில்கூடச் சண்டை வந்தால் ‘மேஸ்திரி மேல சத்தியமா’ என்பார்கள் என்று கேள்வி. தடி அவருக்குக் கூலி தரவில்லை. ஆனால் அந்த ஊரில் அவர் யார் என்பதை அந்தத் தடிதான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் அப்போது சேலத்தில் ஒரு சினிமாக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்கத்தாவிலிருந்து வந்த டைரக்டருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர் இங்கிலீஷில் சொல்வதை நடிகர்களுக்குத் தமிழில் சொல்வதும், நடிகர்கள் முனகுவதை அவருக்கு இங்கிலீஷில் சொல்வதும் என் வேலை. கம்பெனியில் என்னைத் துபாஷ் என்று கேலி செய்வார்கள். காலேஜில் இரண்டு வருஷம் படித்த இங்கிலீஷுக்கு இப்படி ஒரு மவுசு வந்ததே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. டவுனில் தைத்த சட்டையும் வலது மோதிர விரலில் கனத்த பச்சைக்கல் மோதிரமுமாக, வாரம் ஒருமுறை ஊருக்கு வந்து போவேன்.

படத்தின் வீரன் ஒரு பாளையக்காரன். கதை எழுதியவர் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பத்துப் பேரைத் தனியாக எதிர்ப்பான், பசித்தவனுக்குத் தன் சோற்றைக் கொடுப்பான், தாயின் காலைத் தொடாமல் குதிரை ஏறமாட்டான். அந்த வேஷம் போட்டவர் நல்ல பாட்டுக்காரர். குதிரை தும்மினாலே, ஏறுவதற்குப் போட்ட முக்காலியிலிருந்து இறங்கிவிடுவார் என்பது வேறு விஷயம். டைரக்டருக்கு இதெல்லாம் போதவில்லை. எல்லாப் படத்து வீரனும் இதைத்தானே செய்கிறான், இவனுக்கு மட்டும் என்று ஒரு குணம் வேண்டும் என்று ஒரு வாரம் புலம்பினார். நான் மேஸ்திரியின் வழக்கத்தைச் சொன்னேன். டைரக்டர் துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முதல், விழுந்தவனைத் தொடாமல் மூன்றடி பின்வாங்கி மண்ணைத் தொடுவது பாளையக்காரனின் குணமாயிற்று. யாருடைய சொத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

சண்டைக் காட்சிக்குச் சங்ககிரி மலைக்குப் பக்கத்தில் கடலைக்காய் பிடுங்கிய வெற்றுக் காடு ஒன்றைப் பிடித்தார்கள். இருநூறு ஆள் வேண்டும் என்றார்கள். ஐம்பது பேருக்கு நான் மேஸ்திரியிடம் சொன்னேன், அவர் மூன்று நாளில் கூட்டி வந்தார். காட்சியின் உச்சத்தில் பாளையக்காரனிடம் தோற்று விழும் எதிரிப் படைத்தலைவனாக அவரையே போட்டார்கள். அப்படி அழகாக விழ வேறு யாருக்கும் வரவில்லை. கூச்சத்தோடு என்னிடம் வந்து, “நாம சொன்னதயே அவுரு செய்யப் போறாருங்களாமே சாமி” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்டூடியோ ஆட்கள் எல்லோருக்கும் டைரக்டர் ‘கட்’ என்றால் நிறுத்த வேண்டும் என்று தெரியும். காட்டு வேலையிலிருந்து வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? டைரக்டர் ‘கட், கட்’ என்று கூவியதும், கைதிகளைப் பிடிக்கும் காவலர் வேஷத்தில் கயிறோடு நின்ற இரண்டு பேர், கட்டத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவனைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். மாட்டுக்குப் போடும் முடிச்சு. அவிழ்ப்பதற்குள் பாதி காலை போயிற்று. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். டைரக்டர் சிரிக்கவில்லை. இனி ஒரு இங்கிலீஷ் சொல்கூட இவர்கள் காதில் விழக்கூடாது, நான் எதைச் சொன்னாலும் நீ அந்தக் கணமே தமிழில் சொல் என்று இந்தக் குழலை என் கையில் கொடுத்தார். கதாநாயகர் முதல் குதிரைக்காரன் வரை குழல் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று உத்தரவு. ‘கட்’ என்றால் ‘நிறுத்து’ என்று நானே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

சண்டைக் காட்சிக்கு ஒலியைப் பிறகு தனியாகச் சேர்ப்பார்கள். அதனால் காமிரா ஓடும்போதே குழலில் கத்தலாம். இடது பக்கம் ஓடு, கத்தியைத் தூக்கு, விழு என்று இரண்டு நாள் கத்தினேன். என் சொல்லுக்கு இருநூறு பேர் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். மூன்றாம் நாள் நான் அந்தப் போதையில்தான் இருந்தேன்.

அன்று மேஸ்திரி விழும் காட்சி. மரக்கத்தி காமிராவில் அட்டை மாதிரித் தெரிகிறது என்று கதாநாயகருக்குக் கூர் மழுக்கிய இரும்புக் கத்தி கொடுத்திருந்தார்கள். மேஸ்திரியின் கத்தி பறந்தது. அவர் மல்லாந்து விழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். கதாநாயகர் கத்தியைத் தலைக்குமேல் ஓங்கினார். அடுத்து அவர் கத்தியைத் தாழ்த்தி மூன்றடி பின்னால் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருடைய டோப்பா கிரீடத்தோடு சேர்ந்து காதுப் பக்கம் சரிந்தது. டைரக்டர் என் காதருகில் ‘கட், கட்’ என்றார். நான் குழலை வாயில் வைத்து, என் முழுத் தொண்டையில், “வெட்டு” என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ‘கட்’ என்றால் வெட்டு என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார், அது நாக்கில் இருந்தது. இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இல்லை. குழலுக்குக் கீழ்ப்படிந்து பழகிய கதாநாயகர் வெட்டினார். மழுங்கிய இரும்பு வலது தோளில் இறங்கியபோது வந்த சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

எல்லோரும் ஓடினோம். யாரோ தலைத்துண்டை அவிழ்த்து அவர் தோளில் அழுத்தினார்கள். கதாநாயகர் கத்தியை எறிந்துவிட்டு, வெட்டு என்று காதில் விழுந்ததே, விழுந்ததே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டைரக்டர் வெளிறிப்போய், இவர் என்ன சொல்கிறார் என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கீழே கிடந்த மேஸ்திரி என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, “ஆரும் ஒண்ணும் சொல்லலீங்க. நாந்தான் பொரண்டு கத்திக்கு நேரா வந்துட்டனுங்க” என்றார்.

அதை டைரக்டருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். தவறு தன்னுடையது என்கிறார் என்று, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னேன். அந்தப் படத்தில் நான் செய்த மொழிபெயர்ப்பிலேயே பிசகில்லாதது அதுதான்.

வெகு காலம் அவர் செய்ததைப் பெருந்தன்மை என்று எண்ணி எனக்குள் உருகிக்கொண்டிருந்தேன். படத்து வீரனிடம் இல்லாத வீரம் அது என்றுகூட ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எழுத எனக்கு வசதியாக இருந்தது. வயதான பிறகுதான் வேறு மாதிரித் தோன்றுகிறது. கிடந்தவர் எங்கள் காட்டில் வேலை செய்பவர். நின்றவன் காட்டுக்காரர் மகன். சாமிதான் சொன்னாருங்க என்று அவர் சொல்லியிருந்தால் அடுத்த அறுவடைக்கு அவரையும் அவர் ஆட்களையும் யார் கூப்பிட்டிருப்பார்கள்? அது பெருந்தன்மையா, வேறு வழியில்லாத கணக்கா என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். எலும்பு கூடிற்று, ஆனால் கை தோளுக்கு மேலே போகவில்லை. நான் இரண்டு முறை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாம் முறை போகாததற்குக் காரணம் இருக்கிறது.

யுத்தத்தால் படச்சுருளுக்குக் கடுமையான தட்டுப்பாடு. எடுத்ததை மறுபடி எடுக்கச் சுருளும் இல்லை, அந்த இருநூறு பேரை மறுபடி கூட்ட வழியும் இல்லை. டைரக்டர் எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்தார். டோப்பா சரிந்தது திரையில் தெரியவே இல்லை. வெட்டு மட்டும் அவ்வளவு தத்ரூபமாக இருந்தது. யாராவது நிஜமாக வெட்டினால் தத்ரூபமாகத்தானே இருக்கும். ஆனால் விழுந்தவனைத் தொடாத பாளையக்காரன் விழுந்தவனை வெட்டுகிறானே, அதற்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று யோசித்தார்கள். விழுந்தவன் மண்ணுக்குள் மறைத்து வைத்த பிச்சுவாக் கத்தியை எடுக்கிறான், அந்த வஞ்சகத்தைக் கண்டுதான் வீரன் வெட்டுகிறான் என்று முடிவாயிற்று. வசனம் எழுதியவர் சென்னைக்குப் போயிருந்தார். துபாஷ், நீயே ஒரு வரி எழுது என்றார்கள். எழுதினேன். “விழுந்தும் வஞ்சகமா? வெறுங்கை என்று இரங்கினேன், விஷக்கை என்று அறிந்தேன்!” கம்பெனியில் எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

பிச்சுவாவைப் பிடிக்கும் கை ஒன்றைக் காமிராவுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. மேஸ்திரியோ ஆஸ்பத்திரியில். ஸ்டூடியோவில் இருந்தவர்களில் என் கை அளவு ஒத்துவந்தது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை செம்மண் குழைத்துப் பூசி, ஒரு தட்டு மணலுக்குள்ளிருந்து பிச்சுவாவை எடுத்தேன். இரண்டே தடவையில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

படம் சேலத்தில் ஓடி, ஈரோட்டில் ஓடி, அடுத்த வருஷம் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தது. மேஸ்திரி நடித்த படம் என்று அவர் ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்வரிசை மணலில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார், புது வேட்டி கட்டியிருந்தார். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். அவர் திரையில் வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. அவர் விழுந்தார். பிச்சுவா எடுக்கும் கை திரை முழுக்க வந்தது. என் வசனம் முழங்கியது. வெட்டு விழுந்தபோது, ஐந்து நிமிஷம் முன்பு மேஸ்திரிக்காகக் கை தட்டிய அதே ஜனம் விசில் அடித்தது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர், “தூ, உழுந்து கெடந்தும் புத்தியப் பாரு” என்று மணலில் துப்பினார். பாளையக்காரனின் வீர குணத்தைப் பத்திரிகையில் எல்லாம் புகழ்ந்திருந்தார்கள். அந்தக் குணத்தின் சொந்தக்காரர் முன்வரிசையில் தலை நிமிராமல் இருந்தார்.

இது நடிப்புத்தானே, இதற்காகவா ஒருவரின் பெயர் போகும் என்று இன்றைக்குக் கேட்பார்கள். எங்கள் ஜனம் அதுவரை பார்த்ததெல்லாம் கூத்து. கூத்தில் வேஷம் கட்டினால் முகம் முழுக்க அரிதாரம் இருக்கும், ஆள் வேறு, வேஷம் வேறு என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே அரிதாரம் இல்லாமல் மேஸ்திரியின் சொந்த முகம், சொந்த உடம்பு, சொந்த ரத்தம். அவர் தோளில் நிஜத் தழும்பு வேறு இருந்தது. மண்ணுக்குள் ஆயுதம் ஒளித்து வைத்ததற்கு வாங்கிய வெட்டு என்று ஊர் நம்பியது. அன்று கூட வந்த ஐம்பது பேரும் தூரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், அவர் கையைக் கிட்ட நின்று பார்த்தவர் இல்லை, குழலில் கேட்டதைச் சொல்லிக் காட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளவும் யாரும் துணியவில்லை. அத்தனை நாள் ஜெயித்த ஆட்டங்களில் எதில் எதை ஒளித்திருந்தானோ என்று தோற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் எங்கள் காட்டுக்கு வந்தார். நான் கிணற்று மேட்டில் நின்றிருந்தேன். இந்த வருஷம் முதல் தடியை வேறு ஆளிடம் கொடுக்கப் பேசுகிறார்கள் என்றார். கை போனதால் அல்ல, இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அது முறைக்குத்தான். வஞ்சகன் தொட்ட தடியை அம்மன் ஏற்காது என்கிறார்களாம்.

“எங்கையில ஒண்ணும் இல்லீங்களே சாமி” என்றார்.

படத்தில் இப்படி அங்கங்கே எடுத்ததைச் சேர்த்து ஒட்டுவது வழக்கம், அது வேறு யாரோ ஒருவருடைய கை என்று நான் குழறினேன். அவர் தலையை ஆட்டினார்.

“தெரியுமுங்க. எனக்கேது சாமி மோதரத் தழும்பு?”

செம்மண் பூசியும் அந்த விரலைச் சுற்றி இருந்த பள்ளம் திரையில் தெரிந்திருக்கிறது. ஊரில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர் பார்வை என் கைக்கு வரவே இல்லை, நான்தான் கையைத் துண்டுக்குள் மறைத்தேன். நோம்பியன்று சாயந்திரம் கோயில் முன்னால் வந்து நின்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்று கேட்டார். “மேஸ்திரி கையில ஒண்ணும் இல்லீன்னு சொல்லோணுமுங்க. அதுக்கு மேல நீங்க எதயும் சொல்ல வேண்டாமுங்க” என்றார். குழலில் நான் சொன்னதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். நான் தப்பிக்க வைத்திருந்த ஒரே காரணத்தையும் அவராகவே எடுத்துப் போட்டுவிட்டார். வருகிறேன் என்றேன். குழலையும் எடுத்து வருகிறேன், கூட்டம் முழுக்கக் கேட்கும் என்று நானாக ஒரு வார்த்தை கூடச் சேர்த்தேன்.

போகவில்லை. நோம்பியன்று மத்தியானமே கரியில் ஓடிய பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய்விட்டேன். கம்பெனியில் அவசர வேலை என்று வீட்டில் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. அது யார் கை என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான். வேலையாட்கள் நடுவில் தலை குனிய வேண்டுமே என்ற வெட்கம்தான். அன்று சாயந்திரம் பெருமாள் கோயில் தெருவில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் தின்றேன். இதையும் எழுதிவிடத்தான் வேண்டும்.

அவர் கடைசி வரை தெற்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாமி வாராரு, சொல்றன்னிருக்காரு என்று இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்திப் பார்த்திருக்கிறார். பிறகு தடி கை மாறியது. அந்த வருஷமே குடும்பத்தோடு மேட்டூர்ப் பக்கம் போய்விட்டார். ஏதோ ஒரு சரக்குக் கிட்டங்கிக்குக் காவல் என்றார்கள். என்னைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் அவர் இறந்த செய்தி வந்தது.

நான் கம்பெனி வேலையை விட்டபோது குழலைக் கேட்டு வாங்கி வந்தேன். மோதிரத்தை அதற்கு முன்பே கழற்றிவிட்டேன். தழும்பு மறையப் பல வருஷம் ஆயிற்று. மறைந்ததும் நிம்மதியாக இருந்தது என்பதுதான் எனக்கு என்மேல் இருக்கும் பெரிய கசப்பு.

போன மாதம் வீட்டில் எல்லோரும் ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் எண்ணெய் அறைக்குப் போய்க் குழலை எடுத்துத் துடைத்து, வாசலுக்கு வந்து, காட்டைப் பார்த்து நின்று வாயில் வைத்தேன். கடலை எண்ணெய் வாசம் அடித்தது. “மேஸ்திரி கையில் ஒன்றும் இல்லை” என்றேன். தொண்டை பழையபடி இல்லை என்றாலும் குழல் அதன் வேலையைச் செய்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் மருந்து அடித்துக்கொண்டிருந்த பையன், எதுவும் புரியாமல், சத்தம் கேட்டு மூச்சு வாங்க ஓடி வந்தான்.

“கூப்புட்டீங்களாங்க?” என்றான்.

“ஒண்ணுமில்ல, போ” என்றேன்.